மூன்று வீடு, மூன்று சேனல்

வீட்டு வைஃபையைத் தானே சரிசெய்து காட்டுவதாக வெங்கடபதி அறிவித்தபோது, அவர் மனைவி பத்மாவதி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. "சரிங்க" என்று மட்டும் சொன்னாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் எதற்கும் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதில்லை. வெங்கடபதி அதைத் தன் பேச்சுத் திறமை என்று எடுத்துக்கொண்டார்.

விஷயம் வைஃபை அல்ல, முன்னறை.

துடியலூரில் அவர்கள் வீட்டில் காற்று வருகிற அறை அது ஒன்றுதான். மோட்டார் பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் செக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவுடன், அவர் அங்கே ஒரு மேசையும் சுழல் நாற்காலியும் கம்ப்யூட்டரும் போட்டு, ஆபீஸ் ரூம் என்று பெயர் வைத்தார். பம்ப் சம்பந்தமாக நாலு பேர் யோசனை கேட்டு வருவார்கள் என்பது ஏற்பாடு. ஒருவரும் வரவில்லை. அதனால் அறை நல்ல அமைதியாக இருந்தது. காலை டிபன் முடிந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வரும்போது அவர் கன்னத்தில் கீபோர்டின் அச்சு இருக்கும்.

ரவுட்டரும் அந்த அறையில்தான் இருந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பத்மாவதி ஆன்லைனில் ஆரி வேலை சொல்லிக்கொடுத்தாள். ஜாக்கெட் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் பூவும் மாங்காயும் போடுகிற வேலை. பகல் பதினொரு மணிக்குப் பின்னறையில் உட்கார்ந்து, தன் விரல்களுக்கு மேலே போனை நிறுத்திவைத்து வகுப்பெடுப்பாள். சூலூரிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து பெண்கள் பார்ப்பார்கள். கொஞ்ச நாளாகப் படம் நடுநடுவே நின்றுபோனது. ஊசி துணிக்குள் இறங்கும்போது நிற்கும். மறுபடி அசையும்போது பூ முடிந்திருக்கும். அந்தப் பெண்கள் எல்லோரும் ஊசியை உள்ளே விடுவதில் மட்டும் கெட்டிக்காரிகளாக ஆகியிருந்தார்கள்.

"ஏனுங்க, வார திங்கக்கெழம புது பேட்ச் ஆரம்பிக்குதுங்க. முன்னறையக் குடுத்தீங்கன்னா ரவுட்டருக்குப் பக்கத்துலயே உக்காந்துக்குவனுங்க."

"அப்ப நான் எங்க போறது?"

"பின்னறையில உக்காந்து யோசிங்க. யோசனைக்கு என்னத்துக்குங்க காத்து?"

பின்னறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும். மூடினால் அதுவும் தெரியாது. வெங்கடபதி எழுந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்த வைஃபையைப் பின்னறையிலும் தடங்கல் இல்லாமல் ஓடவைப்பேன் என்றார். முடியாவிட்டால் முன்னறையை நீ எடுத்துக்கொள் என்றும் சொன்னார். யாரும் கேட்காத அந்த இரண்டாவது வாக்கியத்தை எதற்காகச் சொன்னோம் என்று பிற்பாடு அவர் பல தடவை யோசித்துப் பார்த்தார்.

பத்மாவதி "சரிங்க" என்றது அப்போதுதான்.

புனேயிலிருந்து மகள் பூஜிதா போனில், ஒரு பூஸ்டர் வாங்கி நடுவில் மாட்டிவிட்டால் போயிற்று என்றாள். அவர் ஒப்பவில்லை. குறை எங்கே என்று தெரியாமல் புதுச் சாமான் மாட்டுகிறவன் டெஸ்டிங் செக்‌ஷனில் ஒரு நாள்கூடத் தாங்க மாட்டான் என்று பாடம் எடுத்தார். பூஜிதா, சரி அம்மாவிடம் போனைக் கொடுங்கள் என்றாள்.

அவர் தன் போனில் சிக்னல் பார்க்கிற ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டார். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் மாதிரி, போனை ஏந்திக்கொண்டு வீடு முழுக்க அடிமேல் அடி வைத்து நடந்தார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். மொட்டை மாடியில் பார்த்தார். பூஜையறையில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கடைசியில் விஷயம் பிடிபட்டது. வைஃபை சேனல் சேனலாக ஓடுகிறது. அவர் வீடும், வலப்பக்கத்து அப்துல் கையூம் வீடும், இடப்பக்கத்துத் தம்பிதுரை வீடும் ஆறாம் சேனலிலேயே இருந்தன. மூன்று பேர் ஒரே காதில் ஒரே நேரத்தில் பேசினால் என்ன விளங்கும்? தேடிப் படித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. ஒன்று, ஆறு, பதினொன்று ஆகிய மூன்று சேனல்கள்தான் ஒன்றையொன்று உரசாமல் போகும்.

உரசாத சேனல் மூன்று. வீடும் மூன்று. வெங்கடபதிக்குப் புல்லரித்தது.

அன்று சாயங்காலமே தம்பிதுரை வீட்டுப் போர்ட்டிகோவில் கூட்டம் போட்டார். தம்பிதுரைக்குக் காரமடையில் பாக்குத் தோப்பு. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் பாக்கு அனுப்புகிறவர். தோப்புக் கிணற்றில் பங்காளிகள் மூன்று பேருக்கும் முறை உண்டு. அவரவர் முறையில் அவரவர் மோட்டார் ஓட வேண்டும். ஆகவே வெங்கடபதி வாயைத் திறந்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. கெணத்துப் பங்கு மாதிரிதானுங்களே, இத மொதல்லயே பிரிச்சிருக்கோணும் என்றார். டவுன்ஹால் பக்கம் பூட்டுக்கடை வைத்திருக்கும் கையூம் பாய்க்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"ஏனுங்ணா, ஒண்ணாம் நம்பருன்னா ஸ்பீடு ஒண்ணுதான் வருமுங்ளா? பதினொண்ணுக்குப் பதினொண்ணு வருமுங்ளா?"

நம்பருக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை என்று வெங்கடபதி விளக்கினார். அதைக் கேட்ட பிறகும் தம்பிதுரை பதினொன்றுதான் வேண்டும் என்றார். கையூம் பாய் பெருந்தன்மையாக ஒன்றை வாங்கிக்கொண்டார். நடுவீட்டுக்கு நடு நம்பர் என்று வெங்கடபதி ஆறை வைத்துக்கொண்டார். மூன்று ரவுட்டர்களிலும் அவரே போய் மாற்றிக் கொடுத்துவிட்டு, பங்கு பிரித்துக் கொடுத்த ஊர்ப் பெரியவரின் நடையில் வீடு திரும்பினார்.

மறுநாள் பதினொரு மணிக்கு வகுப்பு ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது. பிறகு படம் நின்றுபோனது.

கிணற்றுப் பங்கு என்று வந்துவிட்டால் அடுத்தது சந்தேகம்தான். வெங்கடபதியின் மனசு இடப்பக்கத்து வீட்டுக்குப் போனது. அவரும் பின்னாலேயே போனார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க தம்பிதுரை. நீங்க பதினொண்ணுலதான இருக்கறீங்க? நம்ம ஆறுக்குள்ள ஏதும் வரலீங்களே?"

தம்பிதுரை செய்தித்தாளை மடித்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏனுங்ணா, அடுத்தவன் மொறையில மோட்டாரு போட்ற வமுசமுங்களா நாங்க? இந்த வார்த்தைய எம் பங்காளிகூடக் கேட்டதில்லீங்க."

போனை எடுத்துக் காட்டினார். பதினொன்றில்தான் இருந்தார். வலப்பக்கம் விசாரித்ததில் கையூம் பாய் அதற்கும் மேலே போயிருந்தார். வகுப்பு நேரத்தில் நம்மால் எந்தத் தொந்தரவும் வேண்டாம் என்று அவர் மனைவி இஸ்மத் ரவுட்டரையே அணைத்துவைத்திருந்தாள். அன்றிலிருந்து தம்பிதுரை காலை நடையில் வெங்கடபதியைக் கண்டால் வானத்தில் ஏர்போர்ஸ் விமானம் போகிறதா என்று பார்த்தார்.

மனஸ்தாபம் ஆறட்டும் என்று பத்மாவதி, வெல்லப் பூரணம் வைத்த போளியான ஒப்புட்டு சுட்டு இடப்பக்கத்துக்குக் கொடுத்தனுப்பினாள். வலப்பக்கம் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று அங்கேயும் அனுப்பினாள். மீதியை டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்தாள். அந்த மாதம் அவள் என்னவோ அடிக்கடி ஒப்புட்டு சுட்டாள்.

இங்கே வெங்கடபதியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொங்கலோடு அவர் இனிப்பை விட்டுவிட்டார். ஒரு வீடியோ பார்த்துவிட்டு எடுத்த முடிவு. விட்டதோடு நிற்கவில்லை. வெல்லம் என்பது வேறு வேஷத்தில் வந்த சர்க்கரை என்று தெரு முழுக்கப் பிரசாரம் செய்தார். அவர் பேச்சைக் கேட்டுத் தம்பிதுரை வெறுங்காப்பிக்கு மாறியிருந்தார். பெருநாளன்று கையூம் பாய் வீட்டில் கொடுத்த சேமியாவை மேசையிலேயே வைத்துக்கொண்டு, அதன் தீமைகளை அது ஆறிப்போகும்வரை விளக்கியவர் அவர்.

அப்பேர்ப்பட்டவர் தினமும், பத்மாவதி வகுப்பில் மூழ்கியதும், பூனை நடை நடந்து சமையலறைக்குப் போவார். டப்பாவிலிருந்து ஒரு ஒப்புட்டை எடுப்பார். பிரிட்ஜில் இருந்த ஒப்புட்டை அப்படியே தின்றால் பம்ப் வாஷரைக் கடிக்கிற மாதிரி இருக்கும். தோசைக்கல்லில் போட்டால் வாசம் தெருவுக்குப் போகும். ஆகவே மைக்ரோவேவ் ஓவனில் வைத்து ஒரு சுற்று. நெய் இளகி வரும். நின்றபடியே தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, ஆபீஸ் ரூமுக்குத் திரும்பிவிடுவார்.

அந்த வியாழக்கிழமை ஒப்புட்டை உள்ளே வைத்துப் பட்டனை அமுக்கினார். சிக்னல் பார்க்கிற ஆப் ஓடிக்கொண்டிருந்த போன் சமையல் மேடையில் கிடந்தது. ஓவன் ஓட ஆரம்பித்ததும் அதில் மலை மாதிரி நின்றிருந்த அவர் வீட்டுச் சிக்னல் தடுமாறிச் சரிந்தது. ஓவனுக்குப் பின்னால் இருந்த சுவருக்கு அந்தப் பக்கம்தான் பின்னறை. அங்கிருந்து ஒரு மாணவியின் குரல், "அக்கா, படம் நின்னு…" என்று ஆரம்பித்து அதுவும் நின்றது. ஓவன் நின்றதும், "…போச்சுங்கக்கா" என்றது.

அவர் டெஸ்டிங் செக்‌ஷன்காரர். ஒரு தடவை பார்த்து முடிவுக்கு வருகிறவர் அல்ல. இரண்டாவது ஒப்புட்டை வைத்துப் பார்த்தார். நின்றது. மூன்றாவதை வைத்தார். நின்றது. ஓவனுக்குள் சுழல்கிற அலையும் வைஃபையும் ஒரே வழியில் போகிறவை, கதவின் இடுக்கில் கசிகிற கொஞ்சமே சிக்னலைக் கலைக்கப் போதும் என்று அன்று மத்தியானம் படித்து உறுதி செய்துகொண்டார். சோதனையில் மிச்சமான ஒப்புட்டு எதுவும் இல்லை.

குறை தெரிந்துவிட்டது. சொல்லத்தான் முடியவில்லை. ஓவன்தான் காரணம் என்றால், பதினொரு மணிக்கு ஓவனில் யாருக்கு என்ன வேலை என்று அடுத்த கேள்வி வரும். தெருவே கேட்கும். வெறுங்காப்பி குடித்த தம்பிதுரை முதல் ஆளாக வந்து கேட்பார்.

வழி ஒன்று இருந்தது. ஒப்புட்டை விட்டுவிட வேண்டியதுதான். படம் நிற்காது, முன்னறை தப்பிக்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. வெள்ளிக்கிழமை அவர் சமையலறைப் பக்கம் போகவேயில்லை. சுழல் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வகுப்பு ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடி முடிந்தது.

"பார்த்தியா அம்மணி? சேனலை நான் கொஞ்சம் நுணுக்கமாப் பார்த்தேன். அவ்வளவுதான்."

"ஆமாங்க, நல்லாத்தான் ஓடுச்சு" என்றாள் பத்மாவதி. சொல்கிறபோது அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. கொஞ்ச நேரம் எதையோ யோசித்துக்கொண்டு நின்றாள். பிறகு தேங்காய் துருவ உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை டப்பாவில் இருந்தது தேங்காய் ஒப்புட்டு. ஏலக்காய் வாசம் பிரிட்ஜைத் திறக்காமலே வந்தது. பருப்பு ஒப்புட்டாக இருந்தால் வெங்கடபதி நின்றிருப்பார். அப்படித்தான் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பதினொன்று அடித்துக் கொஞ்ச நேரத்தில் பின்னறையில் படம் நின்றது. நெடுநேரம் நின்றது.

அன்று மத்தியானம் முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவர் தூங்காமல் யோசித்தார். அந்த அறைக்கு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. ஒரு பக்கம் காற்று, நாற்காலி, கதவு. இன்னொரு பக்கம் ஒப்புட்டு. அறையைக் கொடுத்துவிட்டால் வகுப்பு ஓவனைவிட்டு வெகுதூரம் போய்விடும், ரவுட்டர் போனுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதற்குப் பிறகு ஓவன் எவ்வளவு ஓடினாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. பின்னறையிலிருந்து சமையலறையும் கிட்டத்தில்தான். யோசிக்க யோசிக்க, தோற்கிற மாதிரி ஜெயிக்கிற ஒரு திட்டம் அதில் இருப்பது தெரிந்தது. இவ்வளவு தூரம் தான் யோசித்ததை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அறிவித்தார். வைஃபையைச் சரிசெய்ய முடியாமல் இல்லை, ஆனால் ஒரு பெண்பிள்ளை சொந்தக் கையால் நடத்துகிற வகுப்பைவிட ஒரு கிழவனின் நாற்காலி பெரிதல்ல என்றார். பேச்சு நெடுநேரம் போயிற்று. பெண் கல்வி வந்தது, நெசவு வந்தது. பத்மாவதி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தானையால் ஒரு தடவை வாயைப் பொத்திக்கொண்டாள். நெகிழ்ந்துவிட்டாள் என்று அவர் நினைத்தார்.

சாயங்காலத்துக்குள் சட்டம் முன்னறைக்கு வந்தது. மேசையும் சுழல் நாற்காலியும் பின்னறைக்குப் போயின. மேசையை ஒரு பக்கம் பிடிக்கத் தம்பிதுரையையே பத்மாவதி கூப்பிட்டிருந்தாள். அவரும் வந்தார். தூக்கும்போது விட்டத்தைப் பார்த்தார். கீழே வைத்ததும், பெரிய மனசுங்ணா உங்களுக்கு என்றார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் புது பேட்ச் ஆரம்பித்தது. முன்னறைக் கதவு திறந்திருந்தது. சங்கிலித் தையலைப் பற்றிப் பத்மாவதி சொல்வதும், பெண்கள் கேட்பதும் ஒரு எழுத்துக்கூட விடாமல் வீடு முழுக்கக் கேட்டது. வெங்கடபதி பின்னறையில் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். வேர்த்தது. இனித் தாமதிக்க வேண்டியதில்லை என்று எழுந்து சமையலறைக்குப் போனார். ஓவன் கதவை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொண்டு பிரிட்ஜைத் திறந்தார்.

டப்பாவில் ஆய்ந்த முருங்கைக்கீரை இருந்தது.

அடுத்த தட்டில் பார்த்தார். மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் பார்த்தார். பிரீசரில்கூடக் கையை விட்டார். ஒரு மூடி தவறிக் கீழே விழுந்து உருண்டது. முன்னறையில் பேச்சு நின்றது. பிறகு பத்மாவதியின் குரல், போனில் மியூட் பட்டனை அமுக்காமல், சூலூருக்கும் பெங்களூருக்கும் சேர்த்துத் தெளிவாகக் கேட்டது:

"ஏனுங்க, தேடாதீங்க. அதுதான் ரூமு கெடச்சுப்போச்சுங்களே, இனி எதுக்குங்க நான் ஒப்புட்டு சுடோணும்?"