ஒரே தண்ணிக்கு மூணு கேள்வி

ஓசூர்,
14.8.1999

கம்ப்யூட்டர் மாத இதழ் ஆசிரியர் அண்ணாவுக்கு, உங்க இதழப் படிச்சே கம்ப்யூட்டர் கத்துக்கிட்ட பேரிகை மதுரைவீரன் வணக்கம் சொல்லி எழுதறது. நான் பாத்துக்கற எங்க ஃபேக்டரி கம்ப்யூட்டர் நாப்பது செகண்டு பழைய சேதியத்தான் காட்டிட்டிருந்துச்சுண்ணா, கண்டுபிடிச்சது நானு! நீங்களும் ஆபீஸ்ல எல்லாரும் சௌக்கியமா?

இங்க டேங்கு, ஸ்டீமு எல்லாத்தையும் மீட்டர் அளக்கும், அத கம்ப்யூட்டர் ரெக்கார்டுல ஏத்தி ஸ்கிரீன்ல காட்டும், அதப் பாத்துத்தான் ஆப்பரேட்டர் வால்வ மூடணும். செவ்வாக்கிழம ஸ்கிரீன்ல டேங்கு நூத்துக்குத் தொண்ணூறுன்னு நிக்குது, எங்க ஆப்பரேட்டர் நாராயணப்பண்ணன், கன்னடம் பேசற தளிக்காரரு, இன்னும் எடம் இருக்குதுன்னு உக்காந்திருக்காரு, பாத்தா தண்ணி கதவுக்கு அடியில வந்து என் செருப்பத் தூக்கிட்டுப் போகுது! மேனேஜர் சௌந்தரராஜன் சார் வந்தாரு. "தூங்குனியா?"ன்னு கேட்டு மெமோ குடுத்துட்டாரு. திங்கக்கிழம விசாரணை. பதினெட்டு வருசத்துல அண்ணனுக்கு இதான் முத மெமோ. "தேவராணே, சாமி சத்தியமா நான் கண்ணு மூடலப்பா"ன்றாரு.

நான் விடுவனா? கம்ப்யூட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், பக்கத்துல ஃபேன் வெச்சேன், கேண்டீன் சாந்தம்மாக்கா "ஒரு எலுமிச்சம்பழம் வெச்சுப் பாரேன்டா"ன்னாங்க, அதையும் வெச்சேன். அப்புறம் அண்ணன டேங்கு கண்ணாடிக் குழாகிட்ட நிறுத்தி, தண்ணி எறங்கறப்ப கத்துங்கன்னேன். அவரு கத்தறாரு, நான் வாட்ச் பாக்கறேன், ஸ்கிரீன் அசையல. நாப்பது செகண்டு கழிச்சு சாவகாசமா எறங்குது! "அதுக்குள்ள நான் டீயே குடிச்சிருப்பேன்"ன்றாரு அண்ணன்.

பாகலூர் ரோடு பிரவுசிங் சென்டருக்கு ஓடி இன்டர்நெட்ல ஒரு குரூப்புல கேட்டேன். மொகந்தெரியாத வெள்ளக்காரர் ஒரே வரி போட்டாரு, ஒரு மீட்டர எத்தன ரெக்கார்டு கேக்குதுன்னு. வந்து எண்ணுனேன். ஐயோ அண்ணா! மீட்டர் நானூறு, ரெக்கார்டு ஆயிரத்து எரநூறு! ஒரே டேங்குக்கு தமிழ் ஆளுங்களுக்கு தண்ணின்னு ஒண்ணு, கன்னடத்துக்கு நீருன்னு ஒண்ணு, தெலுங்குக்கு நீள்ளுன்னு ஒண்ணு! மூணும் தனித்தனியா அதே மீட்டரப் போய் கேக்குது, இருக்கறது ஒரே ஒயரு, ஒண்ணு கேட்டு முடிச்சாத்தான் அடுத்தது. எந்த மகானுபாவன் பண்ண வேலை இது? அவனெல்லாம் கம்ப்யூட்டர் பக்கம் வரலாமா? மாத்தி வெச்சேன், இப்ப டேங்குக்கு ஒரு ரெக்கார்டு மட்டும் கேக்கும், மூணு பாஷைப் பேரும் ஸ்கிரீன்ல சும்மா எழுதியிருக்கும். நாப்பது பதிமூணாச்சு. அவசரமில்லாத மீட்டரையெல்லாம் நிமிசத்துக்கு ஒருவாட்டி கேட்டாப் போதும்னேன், ரெண்டாச்சு!

என் பேரக் கொட்டை எழுத்துல போடுங்க. போட்டோ வெச்சிருக்கேன். உங்க இதழ் ஊரு ஊரா ஓகோன்னு ஓடணும்.

இப்படிக்கு,
மதுரைவீரன்

பி.கு.: கவர ஒட்டறதுக்கு முன்னாடி அண்ணனுக்குப் படிச்சுக் காட்டுனேன். சிரிச்சாரு. "பொங்கலப்ப நான்தானே 'நீரு'ன்னு போட்டுத் தாப்பான்னு கேட்டேன், நீ ஒரே நாள்ல எல்லாருக்கும் போட்டுக் குடுத்த. விடு, நான் யார்ட்டயும் சொல்லல"ன்னாரு. பண்ணது நான்தான்னு எண்ணுனப்பவே எனக்குத் தெரியும்ண்ணா. நேரா சார்கிட்டப் போய் சொல்லிட்டேன். அவரு அதே மெமோவுல அண்ணன் பேர அடிச்சு என் பேர எழுதிட்டாரு. கவர்லருந்து போட்டோவ எடுத்துட்டேன், பேரும் போட வேணாம். ஆனா இதே மாதிரி பண்ணவங்க வேற யாராச்சும் இருந்தா ஒரு கார்டு போடச் சொல்லுங்க, நான் ஒருத்தன்தான்னு நெனச்சுக்கிட்டு திங்கக்கிழம சார் முன்னாடி நிக்க முடியாதுண்ணா.