பெட்டி ஏலத்தில் நான் தலையசைத்த வரலாறு

அன்பிற்கும் படிப்பிற்கும் உரிய என் அண்ணன் மகள் லின்னேவுக்கு,

ஸ்டென்பெர்க்கிலிருந்து உன் சித்தப்பா ஆர்வில் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், நாய் சுகம், மாடுகள் எங்கள் இருவரையும்விடச் சுகம். ஃபார்கோவில் நீயும் மாப்பிள்ளையும் உன் மருந்துக்கடையும் அமோகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். மருந்துக்கடை அமோகமாக இருக்க வேண்டுமென்றால் ஊரில் பாதிப் பேர் படுத்துக் கிடக்க வேண்டுமே என்பது எழுதிய பிறகுதான் உறைக்கிறது. அதை ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்.

விஷயம் இதுதான். இந்தக் கடிதம் கிடைத்ததும் நீ ஆர்டிஸ் குவாமிக்குப் போன் போட்டு, நடந்ததெல்லாம் மாத்திரை செய்த வேலை, என் சித்தப்பா மேல் ஒரு குற்றமும் இல்லை என்று மருந்து படித்தவள் என்ற முறையில் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள். சொல்லவும் வழியில்லை, என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறாள். அவள் புருஷன் தபால்காரர் குவாமி போய்ச் சேர்ந்ததிலிருந்து அந்தப் பெண்மணியின் வாசல் பனியை யார் வழித்துவிடுவது, யார் கையால் அவள் காபி வாங்கிக் குடிப்பது என்பதில் எனக்கும் விதை வியாபாரி டெல்மருக்கும் ஒரு கண்ணியமான போட்டி நடந்துவருவது உனக்குத் தெரியும். அதில் நான் வெகுதூரம் முன்னால் இருந்தேன். இருந்தேன் என்றுதான் இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் முதுகு. ஒரு காளைக்கன்று சேற்றில் புதைந்து கதறியது, நான் ஒற்றை ஆளாகத் தூக்கி வெளியே வைத்தேன், அப்போது பிடித்துக்கொண்டது. நான் காலுறை மாட்டும்போது தும்மியதில் பிடித்துக்கொண்டதாக டெல்மர் சொல்லித் திரிகிறான். நம்பாதே, இரண்டு காலுறையையும் மாட்டி முடித்திருந்தேன். எப்படியோ, புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மாவிடம் போனேன். சின்னப் பெண், ஆனால் ஆளை எடைபோடத் தெரிந்தவள். "ஆர்வில், உங்க வயசுக்காரங்களுக்கு இந்த மாத்திரையை நான் சாதாரணமா எழுதறதில்ல. தூக்கம் தூக்கமா வரும், வாய் காயும், கண்ணு மங்கும், தலை சுத்திக் கீழ விழுந்து எலும்பை முறிச்சுக்கிறவங்க உண்டு, சில பேருக்குப் புத்தியே கொழம்பிப்போகும்" என்றாள். சாதாரணமாக எழுதுவதில்லை என்றவள் எனக்கு எழுதினாள் பார், அதிலிருந்தே நான் சாதாரண ஆள் இல்லை என்று தெரியவில்லையா? படுக்கப் போகும்போது பாதி மாத்திரை என்றாள். பாதி என்பது அவள் உடம்புக்கு. நம் குடும்பத்து எலும்புக்குக் குறைந்தது இரண்டு முழு மாத்திரை வேண்டும் என்பதை அவளுக்கு எந்தக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

நீயும் போனில் சொன்னாய், மறுக்கவில்லை. "சித்தப்பா, பீரோட சேரவே கூடாது. ரெண்டும் சேந்தா மூச்சே மந்தமாயிடும், வெளையாட்டில்ல. வண்டியும் எடுக்காதீங்க" என்றாய். பன்றிக்கறி வறுத்துக்கொண்டே கேட்டதில் வார்த்தைக்கு வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது. சேரக் கூடாது என்றாயே தவிர, குடிக்கக் கூடாது என்று நீ சொல்லவில்லை. ஆகவே சர்ச்சில் பெட்டி ஏலம் நடந்த அன்று மத்தியானம் மாத்திரைக்கும் பீருக்கும் நடுவில் ஒரு முழு ஹாம்பர்கரைச் சுவர்போல நிறுத்தினேன். இரண்டும் எப்படிச் சந்தித்துக்கொண்டன என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மாத்திரைப் புட்டியில் பெரிய எந்திரங்களை இயக்க வேண்டாம் என்று ஒட்டியிருந்ததையும் மதித்து டிராக்டர் பக்கமே போகவில்லை. என் பிக்கப் வண்டி எந்திரமில்லை, அது குடும்பத்தில் ஒருவர்.

சர்ச் வரைக்கும் வண்டி ராஜாபோல வந்தது. வாசலில் நிறுத்தும்போது ரோடு கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்துவிட்டது. பனிமேட்டுக்குள் வண்டியின் மூக்கு போய்விட்டது. நல்லவேளை, அங்கே பனிதான் நின்றது, ஆள் யாரும் நிற்கவில்லை. அந்த நேரம் பார்த்து டெல்மர் புது ஸ்வெட்டரோடு வந்து நிற்கிறான்.

"என்ன ஆர்வில், ரோட்டுல எடம் பத்தலையா?"

"காத்து மறைவா நிறுத்தியிருக்கேன்டா. உன்ன மாதிரி வண்டியக் குளிர்ல விட எனக்கு மனசு வராது."

"கண்ணாடி வரைக்கும் போத்திவிட்டிருக்கியே!"

"அதுக்குப் பேருதான் பாசம்" என்றேன். அந்த நிலையிலும் என் வாய் எப்படி வேலை செய்தது பார். ஆனால் அதுதான் கடைசி. படி இறங்கி அடித்தளக் கூடத்துக்கு வருவதற்குள் நாக்கு காய்ந்து கம்பளித் துண்டுபோல அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கதவருகில் இருந்த ஒரு கோட்டு மாட்டும் கட்டையைப் பாஸ்டர் என்று நினைத்துக் கைகுலுக்கினேனாம். குலுக்கினேன், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் பாஸ்டரும் அதே உயரம்தான்.

அப்போது ஆர்டிஸ் வந்தாள். மங்கிய கண்ணுக்கு இரண்டு ஆர்டிஸ் தெரிந்தார்கள், இரண்டு பேருமே அழகாக இருந்தார்கள். நம் சர்ச் வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. பெண்கள் இரண்டு பேருக்கான சாப்பாட்டைப் பெட்டியில் அடைத்துத் துணி கட்டி வைப்பார்கள், எது யாருடையது என்று சொல்லக் கூடாது, ஏலத்தில் எடுத்தவன் அந்தப் பெட்டிக்காரியோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஆர்டிஸ் இத்தனை வருஷத்தில் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. அப்படிப்பட்டவள் என் காதருகே வந்து, "நீலத் துணி கட்டினது. நான் சொன்னேன்னு யாருகிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். வாழ்நாளில் ஒரு பெண் எனக்கு இதைவிடப் பெரிய வார்த்தை சொன்னதில்லை. பதிலுக்குச் சொல்லப் பிரமாதமான ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் "ம்ப்" என்று ஒரு சத்தம்தான் வந்தது, நம் கிழட்டுப் பசு தண்ணீர் குடித்து முடித்ததும் ஒரு சத்தம் போடுமே, அது. அவள் அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனாள்.

சர்ச்சின் ஹீட்டர் டிசம்பரிலேயே உயிரை விட்டுவிட்டது, புதிது வாங்கத்தான் இந்த ஏலமே. ஆகவே ஆங்காங்கே மண்ணெண்ணெய் அடுப்பு வைத்திருந்தார்கள். அதில் ஒன்றின் பக்கத்து நாற்காலியை முதுகுக்கு இதமாக இருக்குமே என்று நான் பிடித்துக்கொண்டேன். ஏலம் போட்டவர் லைல். சந்தையில் மாடு ஏலம் போடுகிறவர், சர்ச்சுக்கு இலவசமாகப் போட்டுக்கொடுப்பார். அவரிடம் மாடு வாங்கும்போது நான் கை தூக்கமாட்டேன், கத்தமாட்டேன். முகவாய் ஒரு நூல் கீழே இறங்கும், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குக்கூடத் தெரியாது, லைல் பிடித்துவிடுவார். மூன்று மாவட்டத்தில் இப்படி ஏலம் கேட்கிறவன் நான் ஒருவன்தான் என்று பேச்சு, பேச்சைக் கிளப்பியது நான் என்றாலும் பொய்யில்லை.

லின்னே கண்ணு, இப்போது நீயே யோசித்துப் பார். மாத்திரை, சுவரேறிக் குதித்து வந்த பீர், முதுகில் சூடு, எதிரே லைல் தாலாட்டுப்போல ராகம் போட்டு விலை சொல்லுகிறார். கழுத்துத் தசையைத் தளர்த்தத்தானே மருந்து? அது தன் கடமையைச் செய்தது. முகவாய் இறங்கும், திடுக்கென்று ஏறும், மறுபடி இறங்கும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் லைல் "ஆர்வில் கேட்டுட்டாரு!" என்று கத்தியிருக்கிறார். நான் எதையும் அறியேன். ஆனால் பார்த்தவர்கள் சொல்கிறார்கள், கண்ணைக்கூடத் திறக்காமல் இவ்வளவு கம்பீரமாக ஏலம் எடுத்தவனை ஸ்டென்பெர்க் கண்டதில்லையாம். பாஸ்டரின் அம்மா போர்கில்டின் பெட்டி எனக்கு. ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை இல்லாத குட்ருன், ஐனஸ் சகோதரிகளின் இரண்டு பெட்டியும் எனக்கு. ஊறுகாய் மீனைத் தவிர வேறெதுவும் கட்டிக்கொண்டு வராத ஸ்கூல் டீச்சரம்மாவின் பெட்டியும் எனக்கே.

கடைசியில் நீலத் துணிப் பெட்டி வந்தது. வந்தபோது மருந்து முழுவதுமாகப் பிடித்துவிட்டது. முகவாய் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சந்தையில் அப்படி உட்கார்ந்தால் எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். லைல் சிநேகிதன் என்பதால் இழுத்துப் பார்த்திருக்கிறார். "ஆர்வில், நீலத் துணி. பாத்துக்கங்க. ஒரு தரம்... ஆர்வில்? ரெண்டு தரம்... ஆர்வில், வேணாமா?" நான் ஒரு பெருமூச்சு விட்டேனாம். ஆரம்ப விலைக்கே டெல்மர் எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், என் தோளைத் தட்டியிருக்கக் கூடாதா? நம் ஊர்க்காரர்களைத்தான் உனக்குத் தெரியுமே. ஒருவன் கால்சட்டையில் தீப்பிடித்தாலும் அவனுக்குச் சங்கடமாக இருக்குமே என்று காபி குடித்து முடியும்வரை சொல்ல மாட்டார்கள்.

போர்கில்ட் அம்மா முள்கரண்டியால் என் கையைக் குத்தி, "எந்திரிப்பா, உருளைக்கெழங்கு காயுது" என்றதும்தான் கண் விழித்தேன். சுற்றிலும் பெண்கள், பெட்டிகள், சிவப்பு ஜெல்லி. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். எதிர்வரிசையில் டெல்மர் நீலத் துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஆர்டிஸின் பன்றித்தொடைக் கறியைத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்ததும் சொர்க்கமில்லை என்று உறுதியானது. எடுத்த பெட்டிக்கெல்லாம் உட்கார்ந்து தின்றாக வேண்டும், வழக்கம். குட்ருன் எனக்கு ஊட்டாத குறை. "ஆர்வில், அவகிட்ட உப்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க" என்பாள் ஐனஸ். "எடுத்துக்கச் சொல்லுங்க, கை இருக்கில்ல?" என்பாள் குட்ருன். உப்பையும் வசையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டு, வாயில் ஒரு சொட்டு எச்சில் இல்லாமல், ஊறுகாய் மீனை நான் எப்படி விழுங்கினேன் என்பது தனிக் கதை. அந்த நேரத்தில் ஆர்டிஸ் காபிக் கெண்டியோடு வந்தாள். என் கோப்பையைத் தாண்டிப் போய்ப் பக்கத்துக் கோப்பையில் ஊற்றினாள். "நல்லா சாப்பிடுங்க ஆர்வில். உங்க ரசனை ஒரு மாதிரி... வித்தியாசமாத்தான் இருக்கு" என்றாள்.

வித்தியாசம்! நம் ஊரில் இதைவிடக் கெட்ட வார்த்தை உண்டா, நீயே சொல். தன் பெட்டி எது என்று வாய்விட்டுச் சொன்ன பெண்ணை விட்டுவிட்டு, கூடத்தில் இருந்த மற்ற எல்லாப் பெட்டியையும் அள்ளிய மனிதன் என்று அவள் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, மீன் நாற்றம் போகாததும் ஒரு காரணம். ஆகவே போன் போட்டுச் சொல். மருந்து தூங்கவைக்கும், கழுத்தைத் துவளவைக்கும், நாக்கைக் கட்டும், மனிதன் இருந்தும் இல்லாமல் போவான் என்று சொல். உயிரே போயிருக்கும் என்றும் சேர்த்துக்கொள், கண்ணீர் வருகிற மாதிரி. மாத்திரைக் கணக்கும் பீரும் அந்தப் பெண்ணுக்கு எதற்கு, அதை விட்டுவிடு. மீதி மாத்திரைகளைப் புட்டியோடு இந்தப் பார்சலில் உனக்கே திருப்பி அனுப்புகிறேன். இனி செத்தாலும் தொடமாட்டேன். டாக்டரம்மா சொன்னதும் நீ சொன்னதும் அத்தனையும் சரி. இப்படி நான் எழுதிக்கொடுத்ததை யாரிடமும் காட்டாதே.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். உங்கள் வீட்டில் ரொட்டியும் வெண்ணெயும் குறையாதிருக்கட்டும், குழாய்த் தண்ணீர் உறையாதிருக்கட்டும், முதுகு என்று ஒன்று இருப்பதே உங்களுக்குத் தெரியாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும் சித்தப்பா,
ஆர்வில் ஸ்டெனருட்

பின்குறிப்பு: போன் போடாதே! பார்சலை ஒட்டப் போகும்போது வாசல் மணி அடித்தது. ஆர்டிஸ்! மூன்று நாளாக யோசித்துப் பார்த்தாளாம். "எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது ஆர்வில். யாரும் கேக்காத பொண்ணுங்க பெட்டியெல்லாம் நீங்க எடுத்தீங்க, ஒருத்தியும் தனியா ஒக்காந்து சாப்பிடக் கூடாதுன்னு. என்னுத எப்படியும் யாராவது எடுப்பாங்கன்னு விட்டுக்குடுத்தீங்க. அந்தப் பெருமூச்சு எனக்குக் கேட்டுச்சு" என்றாள். கண் கலங்கியிருந்தது. "நான் வேறென்ன செய்ய முடியும் ஆர்டிஸ்?" என்றேன், அது முழு உண்மை. "கண்ண மூடிக்கிட்டிருந்தீங்களே, ஏதும் ஒடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்" என்றாள். ஜெபம் செய்துகொண்டிருந்தேன் என்றேன். மருந்தா, நானா, ஆஸ்பிரின்கூடத் தெரியாது, இருபது வயதுக்காரன் முதுகு என்று சொல்லித் தட்டியும் காட்டினேன். தட்டிய இடம் இன்னும் விண்விண்ணென்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள், அந்த நீலத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் சமைப்பாளாம். அதற்கு முன்னால் சனிக்கிழமை அவள் பியானோவை மாடிக்கு ஏற்ற வேண்டுமாம். ஒரு பக்கம் டெல்மர் பிடிக்கிறான். கனமான பக்கத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆகவே பார்சலில் புட்டியைத் தேடாதே, அதை அனுப்பவில்லை. டாக்டரம்மாவுக்குத் தெரியாமல் ஒன்று மட்டும் சொல் கண்ணு. மாத்திரையைப் பியானோ தூக்குவதற்கு முன்னால் சாப்பிடுவது நல்லதா, பியானோ என் மேல் விழுந்த பிறகா?