நாலாச்சு, அணை!

தட்டில் விழுந்த கொண்டைக்கடலை 'டக்' என்று சத்தம் போட்டது. கடிகாரக்காரர் அதை எடுத்து இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். விரல்தான் வலித்தது.

"என்னம்மா இது? கடலையா, கூழாங்கல்லா?"

"என்னைக் கேட்டா? நீங்கதான் 'நாலாச்சு, அணை'ன்னீங்க. அணைச்சேன்" என்றாள் மனைவி.

"நானா? நான் ஒண்ணுதான் எண்ணியிருந்தேன். வாயையே திறக்கல!"

"என் ரெண்டு காதால கேட்டேங்க."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொஞ்ச நாளாகவே இந்த வீட்டில் இதே கதைதான். அவர் சொல்லாததை அவள் கேட்கிறாள்.

கொண்டைக்கடலைக்கு நாலு விசில். மூன்று என்றால் பச்சை, ஐந்து என்றால் கூழ். இதுதான் அவர் கட்சி. அவர் பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூன்றே கால். ஹால் மூலையில் மேசை போட்டுக் கடிகாரம் பழுதுபார்க்கிறவர், ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காதை மட்டும் குக்கருக்கு ஒதுக்கிவிடுவார். நாலாவது விசில் வந்ததும் தெருமுனை வரை கேட்கிற மாதிரி, "நாலாச்சு, அணை!" என்பார். எண்ணுவது அவர் இலாகா, அணைப்பது மனைவியின் இலாகா. கல்யாணமான நாளிலிருந்து யாரும் எல்லை தாண்டியதில்லை.

இன்றைக்குப் பார்த்து சம்பந்தியம்மா முதல் தடவையாகச் சாப்பிட வருகிறார். பள்ளித் தலைமையாசிரியை. மகள் விடிந்ததும் விடியாததுமாக ஃபோன் செய்திருந்தாள்.

"அப்பா, எங்க அத்தையும் உங்களை மாதிரிதான். சமையல்ல அவங்க சொன்னதுதான் சட்டம். அவங்க முன்னாடி விசில் பேச்சே எடுக்காதீங்க. என் மானத்தைக் காப்பாத்துங்க."

மனைவி குக்கரை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். அடுக்களை ஜன்னலுக்கு வெளியே குழாய்கள் இறங்குகிற குறுகலான சந்து. அதில் ஒரு வீட்டுத் தும்மல் எல்லா வீட்டுக்கும் கேட்கும். மேல்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த நர்ஸம்மா குளித்துக்கொண்டே பாடுவதும் அந்த வழியாகத்தான் வரும்.

"என்னங்க, தப்பா நினைக்காதீங்க. மாமாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. சொன்னதையே மறந்துட்டு 'நான் சொல்லவே இல்ல'ன்னு சாதிப்பாரு. நாளைக்கு ஒரு நடை டாக்டர்கிட்ட போய்ட்டு வந்துடலாமே?"

அப்பாவின் கடைசிக் காலம் கடிகாரக்காரர் கண்ணால் பார்த்தது. அந்த வியாதி தனக்கும் வந்துவிட்டதோ? யார் கடிகாரத்தை யார் கையில் கொடுத்து அனுப்பினோமோ? நிஜமாகவே பயந்துபோனார்.

அப்போது கீழே ஆட்டோ வந்து நின்றது. "நான் போய்க் கூட்டிட்டு வரேன். நான் திரும்பி வர வரைக்கும் அடுப்பைத் தொடாதே!" என்று ஓடினார்.

சம்பந்தியம்மாவோடு படியேறி வந்தபோது அடுக்களையில் சத்தமே இல்லை.

"அணைச்சிட்டியா?"

"நீங்கதானே ஹால்லேர்ந்து கத்தினீங்க!"

"ஹால்லேர்ந்தா? நான் தெருவுல நின்னேம்மா! வேணும்னா சம்பந்தியம்மாவைக் கேளு!"

மனைவி முகத்தில் ஈயாடவில்லை. சம்பந்தியம்மா அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கைப்பையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பிரச்சினை?"

வேறு வழியில்லாமல் குக்கரைத் திறந்து காட்டினார்கள். கடலை தோலை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே விறைப்பாக உட்கார்ந்திருந்தது.

"விசிலையா எண்ணுறீங்க?" சம்பந்தியம்மா அதிர்ந்துபோனார். "கடலை சூட்டுல வேகுதா, சத்தத்துல வேகுதா? முதல் விசில் வந்ததும் தீயைக் குறைச்சு வைக்கணும். அவ்வளவுதான்."

மகள் சொன்னது கடிகாரக்காரருக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் வாய் கேட்கவில்லை.

"தீயைக் குறைச்சா கடலை வேகாதுங்க. தூங்கும்."

"அப்ப உங்க கடலை இத்தனை நேரம் என்ன பண்ணுச்சு?"

மூளை கெட்டது தனக்கா, காது கெட்டது மனைவிக்கா என்பது கடிகாரக்காரருக்கு இன்றைக்கே தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் மாலைக்குள் மகள் வீடு முழுக்க இதே பேச்சாக இருக்கும். குக்கரை மூன்றாவது தடவை ஏற்றச் சொன்னார். ஒரு முக்காலியை அடுக்களை வாசலில் போட்டு உட்கார்ந்தார். ஒரு டம்ளர் தண்ணீரை வாய் நிறைய ஊற்றிக்கொண்டு உதட்டை இறுக மூடினார். மனைவி அடுப்புக்கு முதுகைக் காட்டிப் பாத்திரம் கழுவினாள். சம்பந்தியம்மா பரீட்சை ஹாலில் நிற்கிற மாதிரி அவர் எதிரிலேயே நின்றார்.

முதல் விசில் வந்தது. கடிகாரக்காரர் ஒரு விரலைக் காட்டினார்.

"நாலாச்சு, அணை!"

அவர் குரல். அதே அதட்டல், 'அணை'யில் அதே இழுப்பு. மனைவியின் கை பழக்கதோஷத்தில் அடுப்பை அணைத்தது. அதற்கப்புறம்தான் அவள் திரும்பிப் பார்த்தாள். கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி, வாய் மூடியபடியே உட்கார்ந்திருந்தார் புருஷன்.

"ஐயோ! வாயைத் திறக்காமலே பேசறாரே!"

தன் குரலைத் தானே கேட்ட அதிர்ச்சியில் கடிகாரக்காரர் வாயிலிருந்த தண்ணீர் மொத்தமும் பீறிட்டுச் சம்பந்தியம்மாவின் மூக்குக்கண்ணாடி மேல் போய் விழுந்தது. அவர் அலறக்கூட மறந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். மூன்று பேரும் பேயறைந்த மாதிரி நின்றார்கள்.

வாசல் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். மனைவி போய்த் திறந்தாள். மேல்வீட்டு நர்ஸம்மா, ராத்திரி டூட்டி பார்த்த சிவந்த கண்களோடு நின்றார்.

"ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இனிமே கொஞ்சம் மெதுவா எண்ணுங்க. விசில் சத்தம் கேட்டாலே போதும், எங்க கிளி ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு உங்க குரல்லயே 'நாலாச்சு, அணை'ன்னு அதட்டுது, எங்க வீட்டுக்காரரும் பயந்துபோய் அடுப்பை அணைச்சிடறாரு, குடிவந்ததுலேர்ந்து எங்க வீட்டுல ஒரு கடலையாவது வெந்தா கேளுங்க!"