வானொலிக்கு வந்த குதிரை

வானிலை அறிக்கையின் நடுவே குதிரை கனைத்தது.

எர்மெக் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தான். ஒரோஸ்பாய் பெரியவரின் செங்குதிரை நிலையத்து முற்றத்தில் நின்று, இயக்குநர் ஜிபெக் ஆசையாக வளர்த்த ரோஜாச் செடியை மொட்டோடு மென்றுகொண்டிருந்தது.

"நாரின் நகரத்தில் இன்று லேசான காற்று, ஆங்காங்கே கனைப்பு," என்று சமாளித்துப் பாட்டைப் போட்டான்.

எல்லாம் அவனுடைய மூளை செய்த வேலை. காலை நிகழ்ச்சியை யாருமே கேட்பதில்லை என்று ஜிபெக் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தாள். முதலில் 'இது என்ன சத்தம்?' என்று ஒரு போட்டி வைத்தான். ஆடு கத்துகிற சத்தம். நாரினில் ஆடில்லாத வீடு ஏது? அழைத்த அத்தனை பேரும் சரியாகச் சொல்லி, இருந்த ஒரே கேக்குக்கு அடித்துக்கொண்டார்கள். ஒருவர் ஆட்டின் வயதையும் சேர்த்துச் சொன்னார்.

அதற்கப்புறம் உதித்ததுதான் 'வானொலி சுயுஞ்சு'. ஊர் வழக்கப்படி, நல்ல சேதியை முதலில் கொண்டுவருகிறவர் "சுயுஞ்சு" என்று கை நீட்டினால், சேதிக்கு உரியவர் பரிசு கொடுத்தே தீரவேண்டும். அதை எர்மெக் காற்றில் ஏற்றினான். நேயர்கள் போனில் சேதி சொல்ல வேண்டியது, அவன் ஊருக்கே கூவ வேண்டியது.

நேற்றுக் காலை மூக்கடைத்த குரலில் ஒருவர், பெயர் சொல்லாமல், ஒரோஸ்பாய்க்குப் பேரன் பிறந்திருப்பதாகச் சொன்னார். எர்மெக் உற்சாகமாகக் கூவினான். பேரன் என்று முதலில் சொல்கிறவனுக்குத் தன் செங்குதிரை என்று பெரியவர் ஒரு கல்யாண விருந்தில் ஊரறியச் சொல்லியிருந்தது அவனுக்குத் தெரியாது. இன்று விடிந்ததும் பெரியவர் வந்து, நாலு பேர் பார்க்கக் கடிவாளத்தை அவன் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

ஜிபெக் உள்ளே வந்தாள்.

"நாம அரசாங்க ரேடியோ. நேயர்கிட்ட ஒரு ஆப்பிள்கூட வாங்கக்கூடாது. நீ குதிரை வாங்கியிருக்கே."

"நான் வாங்கலக்கா. குடுத்துட்டாங்க."

"மதியத்துக்குள்ள இது வெளிய போகணும். இல்லேன்னா நாளையிலேர்ந்து உன் இடத்துல வெறும் பாட்டுதான் ஓடும். பாட்டு குதிரை வாங்காது."

வானொலியை விட்டால் எர்மெக்குக்கு மாமனாரின் நிலக்கரி லாரிதான் கதி. மாமனார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

நீளமான பாட்டாகப் பார்த்துப் போட்டுவிட்டு, குதிரையை இழுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்கு ஓடினான்.

"குடுத்த சுயுஞ்சைத் திருப்பி வாங்கினா பிள்ளைக்கு ஆகாது தம்பி," என்றார் ஒரோஸ்பாய், பக்கத்து வீடுகளுக்கும் கேட்கிற மாதிரி. "நான் சொன்ன சொல் மாறாதவன்."

திரும்பி வந்தால் நிலைய வாசலில் மிர்பெக் நின்றிருந்தான். பெரியவரின் தங்கை மகன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"முந்தாநாள் ராத்திரி பூரா ஆஸ்பத்திரி வாசல்ல கெடந்தேன்ணே. நர்ஸு பையன்னதும் பைக்கை முறுக்கிக்கிட்டுப் போய்க் கதவைத் தட்டினா, மாமா ரேடியோவைக் காட்டறார். எவன் அந்த மூக்கடைச்சான்? கையில கெடைக்கட்டும்."

எர்மெக்குக்கு உயிர் வந்தது. "அப்ப நீதான் ரெண்டாவது. குதிரையை ஓட்டிக்கிட்டுப் போ."

"அதெப்படி?" என்றார் வேலியோரம் நின்ற ஆம்புலன்ஸ் டிரைவர். "இவன் பைக் வழியில நின்னுபோச்சு. ரெண்டாவதாச் சொன்னது நானு."

அதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. உள்ளே ஓடி மைக் முன்னால் உட்கார்ந்தான். மைக்கைக் கண்டால் போட்டி அறிவிப்பது அவனுக்குப் பழக்கதோஷம்.

"நேயர்களே, ஒரோஸ்பாய் ஐயாவுக்குப் பேரன் சேதியை ரெண்டாவதாச் சொன்னது யாரு? நேர்ல வாங்க, குதிரையை வெல்லுங்க."

சொல்லி முடித்ததும்தான் நாக்கைக் கடித்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் முற்றம் நிறைந்துவிட்டது. சந்தையில் பெரியவருக்கு வாழ்த்துச் சொன்னவர், கனவில் முன்கூட்டியே கண்டவர், பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வேறொரு ஒரோஸ்பாய்க்குச் சேதி சொன்னவர் என்று எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் கடிவாளத்தை இழுத்தார்கள். மிர்பெக்கின் சட்டை கிழிந்தது. குதிரை அடுத்த ரோஜாவுக்குப் போனது.

"யாரும் கேக்கறதில்லன்னு நெனச்சேன்," என்றாள் ஜிபெக் வாசலில் நின்று. "இவ்வளவு பேரு கேக்கறாங்களா?"

மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. எர்மெக் மறுபடி ஓடிப்போய்ப் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என் பொழப்பே போயிடும்யா. நாங்க வாங்கக் கூடாது, அது சட்டம்."

"சட்டமா?" ஒரோஸ்பாய் தாடியைத் தடவினார். "சட்டம்னா நான் என்ன பண்ண முடியும்? ஆனா ஊரு தப்பாப் பேசுமே. நான் வாக்கைக் காப்பாத்திட்டேன், வாங்காதது நீங்கதான்னு ரேடியோவுல மூணு தடவை சொல்லணும்."

"சொல்றேன்யா."

"வெறுங்கையோட குதிரையைக் கூட்டிக்கிட்டு வந்தா நல்லாவா இருக்கும்? உங்க அடுத்த போட்டிக்குப் பரிசா ஏதோ கெட்டில் இருக்காமே."

மின்சாரக் கெட்டிலையும் ஒப்புக்கொண்டான். மூன்று தடவைக்கு நாலு தடவையாக வானொலியில் சொன்னான். கொடுத்தவர் கொடுத்தாகிவிட்டது, சட்டம் தடுத்துவிட்டது. அதற்குமேல் யார் என்ன பேச முடியும்? ஒரோஸ்பாய் கனத்த முகத்தோடு வந்து குதிரைமேல் ஏறினார். சேணத்தில் கெட்டில் ஆட, கூட்டம் மரியாதையாக வழிவிட்டது. மிர்பெக் மட்டும் கிழிந்த சட்டையோடு குதிரையின் வாலையே பார்த்துக்கொண்டு நின்றான். பாவமாகத்தான் இருந்தது.

ஜிபெக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பிழைத்தான். எர்மெக் படிக்கட்டில் பொத்தென்று உட்கார்ந்தான். நிலையத்தில் கூட்டிப் பெருக்கித் தேநீர் போடும் புருல் ஒரு கோப்பையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அந்த மூக்கடைச்ச மனுஷன் மட்டும் யாருன்னு தெரிஞ்சா..." என்றான் எர்மெக்.

"ஒரோஸ்பாய் பெரியவருதான். மகன் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணின கையோட இங்க வந்து, 'அரசாங்க ரேடியோ குதிரை வாங்காதில்ல?'ன்னு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டு, என் போன்லதான் மூக்கைப் புடிச்சுக்கிட்டுப் பேசினாரு."