பத்தொன்பது நாளாக முதலாம் நாள்

மாதாவே காவல்

எத்தாளை,
வெள்ளிக்கிழமை பின்னேரம்.

அன்புள்ள மகன் கிளைட்டனுக்கு உன் பெரியம்மா டொறத்தி எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம், நீ அங்கே நலமா என்று தொடங்கவேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சிஸ்டர் சொல்லித் தந்தா. அதற்கு மேலே நான் படிக்கவில்லை, வேறு மாதிரித் தொடங்கவும் தெரியாது. ஆகவே நலம் என்று எழுதிவிட்டேன், சிஸ்டருக்காக. உன் அம்மா கத்தரினாவுக்குச் சீனி வருத்தம் எப்படி என்றும் கேட்கிறேன். அவ இனிப்புச் சாப்பிடுவதில்லை என்று சொன்னால் நம்பாதே, அலுமாரியைத் திறந்து பார்.

நேற்று நீ அனுப்பின குரலை மூன்று தரம் கேட்டேன். "பெரியம்மா, முப்பது நாளில ஒரு நாள்கூட நீங்க முடிக்கல்ல. எனக்கு இங்க சைபர் எண்டு காட்டுது. ஆபீசில எல்லாருக்கும் முன்னால உங்களைத்தான் சொல்லி வச்சிருக்கிறன். மாசக் கடைசிக்குள்ள ஒரு புது ஆள் முழுசா முடிச்சதெண்டு காட்டாட்டி இந்த ஆப்பைத் தூக்கிப் போட்டுருவாங்க. ரெண்டு வருச வேலை, பெரியம்மா. பொஸ் கேக்கிறார், உனக்கு மெய்யாவே ஒரு பெரியம்மா இருக்கிறாவா எண்டு." இருக்கிறேன் மகன். பொஸ்ஸிடம் சொல். உன் ஆப்பிலேயே பதில் எழுதலாம் என்று, "உங்கள் கருத்து" என்று போட்டிருக்கும் பெட்டிக்குள் எழுதப் பார்த்தேன். "மகன் நான் ஒவ்வொரு நாளும் போனேன் ஆனால்" என்பதோடு பெட்டி நிரம்பிவிட்டது என்றது. ஆனால் என்பதற்குப் பிறகுதானே கதையே இருக்கிறது. அதனால் கொப்பித் தாளில் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக் கமறியா வந்து இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

நான் முடிக்கவில்லை என்பது உண்மை. போகவில்லை என்பது பொய். பத்தொன்பது நாள் போயிருக்கிறேன். முதலில் இருந்து சொல்கிறேன், நீ வேலையாக இருந்தால் சாப்பிட்டுவிட்டு வந்து படி.

பெரியப்பா போய் இந்த மாதத்தோடு எட்டு மாதம். ஆறாம் மாதப் பூசைக்கு வந்த நீ, நான் அடுப்படிக் கதிரையில் இருந்து எழும்பாததைப் பார்த்துவிட்டு, என் போனை வாங்கி முப்பது நாளில் ஒரு பொழுதுபோக்குப் பழக்கும் என்று நீ செய்த இந்த ஆப்பை அதற்குள் போட்டாய். "பெரியம்மா, வாழ்க்கையில உங்களுக்கு எண்டு ஒரு பொழுதுபோக்கு இருந்திருக்கா?" என்று கேட்டாய். நான் யோசித்துப் பார்த்தேன். மீன் வெட்டினேன், கருவாடு போட்டேன், வலை பொத்தினேன், தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு நடந்து போனேன். பொழுது தானாகத்தான் போனது, நான் போக்கவில்லை. "அப்ப நீங்கதான் சரியான ஆள்!" என்று துள்ளினாய். நீ அப்படிச் சிரித்துப் பார்த்து எனக்கும் நாளாகி இருந்தது. அதனால்தான் ஓம் என்றேன். ஆனால் நீ போன பிறகு போனைத் தொடவே ஒன்றரை மாதம் ஆனது, அதையும் மறைக்கவில்லை.

ஒரு நாள் திறந்தேன். போன் படத்துக்குள் தொப்பி போட்ட ஒரு பெட்டை சிரித்துக்கொண்டு வந்து, "வணக்கம்! இன்று எதைத் தொடங்கலாம்?" என்றாள். அந்தப் பெட்டை எந்த நேரமும் சிரிக்கிறாள், அவளுடைய வீட்டில் ஒருவரும் சாகவில்லைப்போல. கேக்குக்குப் பூப் போடுவது என்று காட்டினாள். போட்டு யாருக்குக் கொடுக்க? கிட்டார் என்றாள். ஆண்டுப் பூசை முடியுமட்டும் நம் வீட்டில் ரேடியோவே போடுவதில்லை, கிட்டார் அடித்தால் பெரியப்பாவின் தங்கைமார் சிலாபத்தில் இருந்து பஸ் பிடித்து வந்துவிடுவார்கள். தூண்டில் போட்டு மீன் பிடிப்பது என்றாள். கரைவலைக்காரனின் பெண்சாதி தூண்டிலோடு குந்தியிருந்தால் அவர் படத்தில் இருந்து இறங்கி வந்து கேட்பார். கடைசியில் பறவை பார்ப்பது என்று ஒன்று இருந்தது. கண் இருந்தால் போதுமாம், சத்தம் போடக்கூடாதாம். துக்க வீட்டுக்குப் பொருந்தும் என்று அதை அமத்தினேன்.

முதலாம் பாடம்: "பறவை என்றால் என்ன? பறவைக்கு இரண்டு சிறகுகள் உண்டு." சரி, தெரிந்துகொண்டேன். பிறகு "அருகில் உள்ள நீர்நிலைக்குச் செல்லுங்கள்" என்றது. மகன், எனக்கு அருகில் உள்ள நீர்நிலை அவர் வேலை செய்த கரை. அவர் போன நாளில் இருந்து அந்தப் பக்கம் நான் முகம் திருப்பவில்லை, மீன்கூட விற்க வருகிறவனிடம்தான் வாங்கினேன். அது உன் ஆப்புக்குத் தெரியாது, தொப்பிப் பெட்டையோ கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். காலையில் கறுப்புச் சட்டையோடு எழும்பிப் போனேன். எப்படிப் போனேன் என்று எழுதத் தெரியவில்லை. கால் போனது.

போய்ப் பத்து நிமிடம் இருக்கும், பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு கமறியா ஓடி வந்தாள். "அல்லாவே, டொறத்தி, நீ கடல்ல விழத்தான் போறியோண்டு ஈரக்கொல நடுங்கிப் போச்சிடி! என்ன செய்ற இங்க?" "பறவை பாக்கிறன்" என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மணலில் குந்தினாள். "எங்களுக்கு நாலு மாசம் பத்து நாள் இத்தா. எங்கட அவர் மௌத்தானப்ப எண்ணி எண்ணி இருந்திட்டு வெளிய வந்தேன். ஒங்களுக்கு முழு வருசமும் உள்ளுக்கயா? நீ பாரு, நல்லா பாரு, அந்தா போகுது கொக்கு." அன்று இரண்டு பேரும் சேர்ந்துதான் வீட்டுக்குத் திரும்பி வந்தோம். அடுத்த நாளில் இருந்து, நான் படலையைத் திறக்க அவளும் தன் படலையைத் திறப்பாள்.

இனி நடந்த கேவலத்தைக் கேள். ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, பறவையைப் படம் பிடிக்கலாம் என்று ஆப் சொன்னது. வெயிலுக்குப் போன் சுடுகிறது என்று வெள்ளை லேஞ்சித் துணியால் சுற்றி, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, ஆலாக் குருவிகள் போன பக்கமெல்லாம் ஆட்டினேன். கரைவலைக்காரருக்கு அது என்ன என்று உனக்குத் தெரியுமோ தெரியாது, நீ கொழும்பில் வளர்ந்த பிள்ளை. கரையில் நின்று வெள்ளைத் துணியைத் தூக்கி ஒரு பக்கமாக ஆட்டினால், அந்தப் பக்கம் மீன் கூட்டம் நிற்கிறது, வள்ளத்தைத் தள்ளு என்று அர்த்தம். அந்த வேலையைத்தான் பெரியப்பா இருபத்தாறு வருடம் செய்தார். நான் ஆலாவைப் படத்துக்குள் பிடிக்கிறேன், அங்கே வலைச் சொந்தக்காரர் ஹயாத்து முகம்மது நானாவின் ஆட்கள் ஒரு சொல் கேட்காமல் வள்ளத்தைத் தள்ளி, வலையை வளைத்துப் போட்டு, முப்பது பேர் வெயில் உச்சிக்கு ஏறுமட்டும் இழுத்தார்கள். ஒருவரும் தின்னாத வழுவழுத்த சொறிமுட்டை இரண்டு கூடையும் ஒற்றைச் செருப்பும் வந்தன. செருப்பு இடதுகால்.

நானா என்னிடம் வந்தார். "தங்கச்சி, மீன் எங்க?"

"மீன் எண்டு நான் எப்ப நானா சொன்னன்? நான் பறவைதானே காட்டினன்."

"மீன் இல்லாத எடத்துல பறவைய என்னத்துக்குப் பாக்கிற?"

இந்தக் கேள்விக்கு உன் ஆப்பில் பதில் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. "பொழுதுபோக்கு நானா" என்றேன். அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பஸ்தியான்ட பொஞ்சாதி துணியத் தூக்கினா மீன் இல்லாம இரிக்குமாண்டு நெனச்சிட்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏசியிருந்தால் நல்லது. கமறியாதான் ஒற்றைச் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு, "வலது வந்தா சொல்லுங்க நானா" என்று கத்தி எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

அதன் பிறகு எட்டாம் மாதப் பூசை. பாதர் பெரியப்பாவின் பெயரைச் சொல்லி, கோயில் முழுவதும் அமைதியாக இருக்கிற நேரம், என் பைக்குள் இருந்து அந்தப் பெட்டை, "டொறத்தி! இன்று புதிதாக என்ன பார்த்தீர்கள்?" என்று கத்தினாள். பாதர் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முகட்டைப் பார்த்தேன். அங்கே ஒரு மாடப்புறா. ஆகவே அதையும் எண்ணிக்கொண்டேன்.

இப்போது நீ கேட்பதற்கு வருகிறேன். இவ்வளவு போயும் ஏன் சைபர் என்றால், ஒவ்வொரு நாள் கடைசியிலும் உன் ஆப் ஒரு கேள்வி கேட்கிறது. "இன்று யாருடன் சென்றீர்கள்?" மூன்று படம். ஒன்றில் புருசன், பெண்சாதி, பிள்ளை, கீழே "குடும்பத்துடன்". ஒன்றில் காற்சட்டை போட்ட இரண்டு இளம் பெட்டைகள் ஆகாயத்தில் துள்ளுகிறார்கள், கீழே "நண்பருடன்". ஒன்றில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே ஒரு ஆள், கீழே "தனியாக". ஒன்றை அமத்தாமல் நாள் முடியாது. முதலாம் நாள் குடும்பத்தின் மேல் விரலைக் கொண்டுபோனேன். அது பொய், பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் சொல்லவேண்டி வரும், அவர் ஏற்கனவே என்னில் ஒரு மாதிரி. துள்ளுகிற பெட்டைகள் மாதிரி எனக்கு ஒருவரும் இல்லை. மிஞ்சினது தனியாக. மகன், இந்த எட்டு மாதத்தில் அந்தச் சொல்லை எனக்கு எல்லோரும் சொல்லிவிட்டார்கள். "ஐயோ டொறத்தி, தனிச்சுப் போனாயே" என்று சவ வீட்டில் சொன்னார்கள், ரேசன் கடையில் சொன்னார்கள். கேட்டுக்கொண்டு நின்றேன். ஆனால் அதை என் விரலால் நானே அமத்தவேண்டும் என்றால் விரல் போகுதில்லை. போனை அணைத்து வைத்துவிடுவேன். அடுத்த நாள் திறந்தால் திரும்பவும் முதலாம் நாள். பறவைக்கு இரண்டு சிறகுகள் உண்டு என்று பத்தொன்பது தரம் படித்துவிட்டேன். இனி மூன்று சிறகு உள்ளது வந்தாலும் எனக்கு ஆச்சரியம் இல்லை.

உனக்குப் படிப்பு இருக்கிறது, நான் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் சந்தோசத்தில் தொடங்குவதில்லை என்று உன் ஆபீசில் ஒருவரும் சொல்லவில்லையா? களைத்துப்போய்த் தொடங்குகிறவர்களும் உண்டு. அவர்களிடம் என்ன பார்த்தாய் என்று கேள், யாரோடு என்று கேட்காதே. அந்தக் கேள்வியை எடுத்துவிடு. எடுக்க ஏலாது என்றால் ஆப்பையே என் போனில் இருந்து எடுத்துவிடு, தூர இருந்தே எடுக்கலாமாமே. உன் வேலைக்கு என்னால் பழுது வந்துவிடுமோ என்றுதான் நேற்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. பொஸ்ஸிடம் என் பெயரைச் சொல்லி, பெரியம்மா மக்கு என்று சொல். எனக்கு அதில் வெட்கம் இல்லை.

அன்னம்மாள் உன்னையும் அம்மாவையும் காத்துக்கொள்ளட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. பாணை மட்டும் தின்று உடம்பைக் கெடுக்காதே. முகத்தில் தாடி விட்டிருக்கிறாயாம், எடுத்துவிடு, அல்லது ஒழுங்காக விடு. என்றும் உனக்காகச் செபமாலை சொல்லும்,

பெரியம்மா டொறத்தி.

பி.கு.: இதைப் படம் பிடிக்கக் கமறியா வந்தாள். பிடிக்கத்தானே சொன்னேன், அவள் படிக்கத் தொடங்கிவிட்டாள். இரண்டு பக்கமும் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "விடிய சுபஹு தொழுதிட்டு, தேத்தண்ணிகூட குடிக்காம, முழங்கால் நோவோட ஒனக்குப் பின்னால வாறேன். ஒனக்கு யாருமில்லயாம்! அப்ப நான் யாருடி? கூழைக்கடாவா?" நான் வாயைத் திறக்க முன் போனைப் பறித்தாள். விட்டுப்போன நாளெல்லாம் நிரப்பலாமாம், எங்கேயோ தட்டிக் கண்டுபிடித்துவிட்டாள், எனக்குத் தெரியாமல் போனது. துள்ளுகிற பெட்டைகளில் விரலை வைக்கப் போனாள். நான் அவளுடைய கையைப் பிடித்தேன். "முதல் நாள் மட்டும் வேண்டாம். அண்டைக்கு நீ பிறகுதான் வந்த. போகேக்க நான் தனிய" என்றேன். அவள் விரலை மடக்கினாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஆளை நானே அமத்தினேன். மற்றப் பதினெட்டு நாளையும் அவள் தட்டித் தள்ளிவிட்டாள். இப்போது உனக்குப் பத்தொன்பது என்று காட்டும். இன்னும் பதினொன்றுதானே, மாதக் கடைசிக்குள் முடியும். ஆகவே மேலே எழுதினது எதையும் செய்யாதே, ஆப்பை எடுக்காதே, கேள்வியையும் எடுக்காதே, பொஸ்ஸிடம் நான் மக்கு என்று சொல்லாதே. ஒன்றே ஒன்று மட்டும். ஒரு நாள் முடிந்ததும் போன் முழுக்க நிறம் நிறமாகப் பூக் கொட்டி, கை தட்டுகிறது. தனியாக என்று அமத்தினதற்கும் கொட்டியது, அதற்கும் கை தட்டியது. அதற்கு மட்டும் தட்டாமல் செய்ய ஏலுமா என்று பார், மகன்.