கிழிசல் குர்தா சாட்சி

ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்த கையோடு வைத்தியநாதன் ஒரு சபதம் செய்தார். மகள் அக்ஷராவை டிசைன் படிக்க விடுவதில்லை. சத்தம் போட்டு அல்ல, சாட்சியோடு!

கல்கத்தாவில் மத்திய சர்க்கார் கணக்கு அதிகாரி அவர். ஆபீசில் அவர் கேள்வி கேட்டால் பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் வேர்க்கும். பாலிகஞ்ச் குவார்ட்டர்ஸில் வேர்ப்பது என்னவோ அவருக்குத்தான்.

"நாலு லட்சம் கடன், அமலா! படிச்சு முடிச்சா ஆறாயிரம் சம்பளம். வட்டிக்கே சரியாப் போயிடும். அசலை யார் கட்டுவா, அவ பேரனா?"

"கட்டட்டுமே. அவனுக்கும் ஒரு பொறுப்பு வேண்டாமா?" அமலா இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"விளையாடாதே. எனக்கு ரிட்டயர் ஆக நாலு வருஷம்தான் இருக்கு. அப்புறம் புள்ள தனியா கடனோட நிக்குமேன்னு பயமா இருக்குடி."

அது நடிப்பில்லை. மகள் என்றால் மனுஷருக்கு உயிர். ஆனால் காலேஜில் இடம் கிடைத்தாயிற்று. பேங்க் பாரத்தில் அப்பாவின் கையெழுத்து நாளைக்குள் விழ வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். அக்ஷரா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"ஆறாயிரம்னு யார் சொன்னா?"

"ஆபீஸ் சுந்தரேசன்."

"அவர் டிசைன் படிச்சவரா?"

"இல்ல..."

"படிச்சவனைக் கேட்டாத்தானேங்க நிஜம் தெரியும்?" என்று சொல்லிவிட்டு இட்லிப் பானையை மூடினாள்.

வைத்தியநாதனுக்குப் பளிச்சென்றது. ஆகா, நம்ம தாடிக்காரன்!

லேக் மார்க்கெட் காபிப் பொடிக் கடை வாசலில் இரண்டு வாரமாக ஒருவனைப் பார்க்கிறார். தாடி, கிழிந்த குர்தா, ரப்பர் செருப்பு, தோளில் ஜோல்னா பை. டீக்கடையில் விசாரித்தார். பெயர் பாப்லுவாம், டிசைன் படித்தவனாம். வைத்தியநாதன் கணக்கில், இஸ்திரி போட்ட சட்டை என்றால் வேலை இருக்கிறது. கிழிசல் என்றால் இல்லை. அந்தக் கணக்கை, உடையைப் பற்றி யாரும் கவலைப்படாத கல்கத்தாவில் போய்ப் போட்டார் பாருங்கள்!

"அவனை இன்னிக்கு டிபனுக்குக் கூட்டிட்டு வரேன். உன் பொண்ணு அந்தக் குர்தாவை ஒரு தடவை பாத்தாப் போதும்."

"ஐயோ, வேண்டாங்க! ஒருத்தர் கஷ்டத்தைக் காட்டியா புள்ளைக்குப் புத்தி சொல்றது?"

வேண்டாம் என்றாளா? அவருக்கு வேகம் பிடித்துவிட்டது.

"பயந்துட்டியா?"

"எனக்கென்ன பயம்? ஒருவேளை அவன் நல்லா சம்பாதிச்சா?"

"அவன் மட்டும் படிப்புக் கடனை அடைச்சிருந்தா, அந்த நிமிஷமே கையெழுத்துப் போடறேன்!"

"அக்ஷரா, அப்பா சொன்னதைக் கேட்டியாடி?"

"கேட்டேம்மா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பாப்லு வந்தான். கூச்சமே இல்லாமல் உட்கார்ந்தான். அலமாரியிலிருந்து மிளகாய்ப்பொடி டப்பாவைத் தானே எடுத்துக்கொண்டான். வைத்தியநாதன் பெங்காலியில் விசாரணையைத் தொடங்கினார்.

"கடன் வாங்கித்தான் படிச்சியா, தம்பி?"

"ஆமாம் மேஷோமஷாய், மூணு லட்சம்," என்றான், பெங்காலியில் மாமா என்று மரியாதையாகக் கூப்பிட்டு.

பார்த்தாயா என்று மகளை ஒரு பார்வை பார்த்தார்.

"பாக்கி எவ்வளவு?"

"பாக்கியா? போன துர்கா பூஜைக்கு முன்னாலேயே அடைச்சுட்டேனே."

வைத்தியநாதன் இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "உங்கப்பா அடைச்சாரா?"

"அப்பாவுக்கு ஹவுராவில சின்னப் பட்டறை. அவருக்கே நான்தான் புது மெஷின் வாங்கிக் கொடுத்தேன். முதல் வருஷம் கஷ்டம்தான். ஏழாயிரம் சம்பளத்தில பாதி பேங்குக்குப் போகும். மத்தியானம் முறுக்கும் டீயும்தான். அப்புறம் பாக்கெட் டிசைன் வேலை நிறைய வந்தது."

"என்ன பாக்கெட்?"

பாப்லு மேஜையைக் காட்டினான். அதே காபிப் பொடி! "பாக்கெட்டைப் பாத்தாலே மணக்குதுடி" என்று போன வாரம் வைத்தியநாதன் வாங்கி வந்த பொடி.

"கிலோவுக்குப் பத்து ரூபா கூடக் கொடுத்தீங்களே," என்றாள் அமலா. "உள்ள இருக்கறது அதே பழைய பொடிதானாம்."

கணக்கு அதிகாரி லேசில் விடுவாரா? "அடைச்சதுக்கு அத்தாட்சி?"

பாப்லு ஜோல்னா பையிலிருந்து பேங்க் கடிதத்தை எடுத்து நீட்டினான். இட்லி சாப்பிட வருகிறவன் இதை எதற்குச் சுமந்து வருகிறான் என்று வைத்தியநாதனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

பேங்க் பாரமும் பேனாவும் தயாராக இருந்தன. போட்டார். அக்ஷரா ஓடி வந்து கட்டிக்கொண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது போலவும் இருந்தது. முதல் வருஷம் முறுக்கு அனுப்பி வைத்தால் ஆயிற்று!

"பாத்தியா அமலா? நூறு பேர் நடமாடற மார்க்கெட்டில சரியான ஆளைக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்தது யாரு? நான்!"

"உங்களை மாதிரி வருமாங்க!" என்றாள் அமலா.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த பாப்லு தயங்கி அமலா பக்கம் திரும்பினான்.

"மாஷிமா, இந்தக் குர்தாவை இனிமே கழட்டிடலாமா? நீங்க சொன்னீங்கன்னு ரெண்டு வாரமா இதோட காபிக் கடை வாசல்ல நின்னா, நேத்து ஒரு அம்மா கையில எட்டணா போட்டுட்டுப் போறாங்க!"