சங்கிலியை இழுத்தது மாப்பிள்ளை இல்லை

மரியாதைக்குரிய விந்தேஷ்வரி சித்தப்பாவுக்கு,

ரிதுராஜ் இரண்டு பாதங்களையும் தொட்டுக் கும்பிட்டு எழுதுவது. நீங்களும் சித்தியும் சுகமாக இருக்க வேண்டும், ரயில்வே பாதுகாப்புப் படையில் உங்கள் தோளில் இன்னொரு நட்சத்திரம் ஏற வேண்டும். இங்கே யாருக்கும் சுகமில்லை. பெல்டாண்டி ஸ்டேஷன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன், அப்பா கையில் செருப்போடு என்னைத் தேடுகிறார். அவ்தேஷ் அண்ணன் மாப்பிள்ளைக் கோலத்தில் உங்கள் படையின் காவலில் உட்கார்ந்திருக்கிறான். இருட்டுவதற்குள் பந்தலுக்கு வராவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்கிறார்கள் பெண் வீட்டார்.

நடந்தது இதுதான். பெண்ணின் ஊருக்கு ஸ்டேஷன் கிடையாது. செங்கல் சூளை வந்ததும் யாராவது அபாயச் சங்கிலியை இழுப்பார்கள், எல்லோரும் இறங்கிக்கொள்வார்கள், அவர்களுக்கு அது பஸ் நிறுத்தம் மாதிரி. நான் உங்கள் படையின் வெறித்தனமான ரசிகன் இல்லையா, என் சமூக வலைதளப் பக்கத்தின் முகப்புப் படமே உங்கள் மோப்ப நாய்தான் இல்லையா, போன வாரம் படையின் பெயரைக் குறிப்பிட்டு, 'சூளையில் தினமும் சங்கிலி இழுக்கிறார்கள், உடனே கவனிக்கவும்' என்று போட்டேன். 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று பதில் வந்தது. ஐயோ சித்தப்பா, துள்ளிக் குதித்தேன்! நம் கல்யாணக் கோஷ்டியும் அதே வண்டியில் வந்து அதே சூளையில்தான் இறங்கும் என்பது என் மண்டைக்கு உறைக்கவே இல்லை.

இன்றைக்குச் சூளை தெரிந்ததும், பக்கோடாவில் உப்பில்லை என்று காலையிலிருந்தே முறுக்கிக்கொண்டிருந்த நம் அத்தை புருஷன் ராம்பிரவேஷ் மாமா எழுந்து, "நான் கை வைக்காம இந்த வீட்டுல எது நடக்குது?" என்று சங்கிலியில் தொங்கிவிட்டார். வண்டி நின்றது. பேண்டுக்காரர்கள், பலகாரக் கூடை, மாமா எல்லாம் குதித்து வயலில் ஓட, எதிரே கடலை கொறித்துக்கொண்டிருந்த அம்மாள், "யாரும் அசையாதீங்க!" என்று எழுந்தார். சாதாரண உடையில் வந்த சப்-இன்ஸ்பெக்டர் பபிதா குமாரி! மாப்பிள்ளை ஓடக்கூடாது என்று அத்தை சொல்லியிருந்ததால், அண்ணன் மட்டும் முகத்தில் பூச்சரம் தொங்க, சங்கிலிக்கு நேர் கீழே அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிடித்துவிட்டார்கள். அப்பாவும் நானும் அதே வண்டியில் கூடவே இங்கே வந்தோம்.

"அஞ்சு நிமிஷம் நின்னதுக்கு இவ்வளவு கூத்தாம்மா?" என்றார் அப்பா.

"நேத்தும் இப்படித்தான் அஞ்சு நிமிஷம். அதனால பின்னாடி மாட்டிக்கிட்ட வண்டியில வலி எடுத்த பொண்ணு ஒண்ணு. ஆஸ்பத்திரி போய்ச் சேரல. எங்க கான்ஸ்டபிள் பொண்ணுங்க போர்வையைத் திரையாக் கட்டி வண்டியிலயே பிரசவம் பார்த்தாங்க. இழுத்தது யாருன்னு சொல்லுங்க, மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போங்க."

நான் என்னை மறந்து கைதட்டிவிட்டேன். அவர் திரும்பி, "தம்பி, அந்த நாய்ப் படம் போட்ட பக்கம் உங்களுதுதானே? உங்க புகார்லதான் வந்தோம். ரொம்ப நன்றி" என்று அப்பா முன்னாலேயே கைகொடுத்தார். செருப்பு அப்போது கழன்றதுதான்.

மாமா பேரைச் சொல்லலாம். ஆனால் போன கல்யாணத்தில் நாற்காலிக்கு மெத்தை போடவில்லை என்று ஒரு வருஷம் பேசாதவர் அவர். காட்டிக் கொடுத்தால் அத்தை வீட்டு உறவு அதோடு போச்சு. அண்ணனும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். நீங்கள் ஒரு போன் போடுங்கள் சித்தப்பா, கெஞ்சிக் கேட்கிறேன், பொழுது சாய்கிறது!

சித்திக்கு நமஸ்காரம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு, உங்கள் பிள்ளை போன்ற,
ரிதுராஜ்

பி.கு.: போன் வேண்டாம்! மாமா வயலிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்து, "இழுத்தது நானு, பேரு அவனுக்கா? இந்தக் குடும்பத்துல எனக்கு மரியாதையே கிடையாதா?" என்று கத்தித் தானே ஒப்புக்கொண்டார். அண்ணன் பந்தலுக்குப் பறந்துவிட்டான். மாமாவையும் ஜாமீனில் விட்டாயிற்று, ஆனால் அவர் போக மாட்டேன் என்கிறார். "டீ ஏன் ஆறிக் கிடக்கு? தலகாணி எங்க? படையில இருக்குற மச்சான் நேர்ல வந்து கூப்பிட்டாத்தான் எழுந்திருப்பேன்." பபிதா மேடம் தொட்டிக்குப் பின்னால் வந்து என்னைக் கண்டுபிடித்து, "தம்பி, எப்படியாவது இவரைக் கூட்டிட்டுப் போங்க" என்று கும்பிடுகிறார். உடனே புறப்பட்டு வாருங்கள் சித்தப்பா, உங்கள் படை ஆபத்தில் இருக்கிறது.